17 வருஷம், 17 பேர்: கிளாசிக்ஸ் ரேஸை யார் ஜெயிப்பாங்கன்னு கணிக்க முடியுமா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுல வந்த "அதாவது", "வந்து" எல்லாம் முடிஞ்சவரைக்கும் வெட்டியாச்சு.)

இன்னிக்கு எபிசோடு சைக்கிள் ரேஸ் பத்தி. "எனக்கும் சைக்கிளுக்கும் சம்பந்தமே இல்லை"ன்னு உடனே ஆஃப் பண்ணிடாதீங்க. எதைக் கணிக்கலாம், எதைக் கணிக்க முடியாதுன்னு புரிஞ்சுக்கிறதுக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குக் கிடைக்கலை.

இத்தாலியில ஒவ்வொரு மார்ச் மாசமும் மிலான்-சான் ரெமோன்னு ஒரு ரேஸ் நடக்கும். 1907-ல ஆரம்பிச்சது. ஒரே நாள், கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். 2008-ல இதை ஜெயிச்சவர் கான்செலாரா. 2009-ல கேவண்டிஷ். அடுத்தடுத்து ஃப்ரெய்ரே, காஸ், ஜெரன்ஸ், சியோலெக், கிறிஸ்டாஃப், டீகன்கோல்ப், டெமார், க்வியாட்கோவ்ஸ்கி, நிபாலி, ஆலஃபிலிப், வான் ஆர்ட், ஸ்டாய்வன், மொஹோரிச், வான் டெர் பூல், 2024-ல ஃபிலிப்சன். எண்ணிப் பாருங்க. 17 வருஷம், 17 பேர். இந்த 17 வருஷத்துக்குள்ள ஒரு பேர்கூட ரெண்டாவது தடவை வரலை. 2025-ல மத்தியூ வான் டெர் பூல் மறுபடி ஜெயிச்ச பிறகுதான் அந்த வரிசை உடைஞ்சுது.

இப்ப அதே இத்தாலியில அக்டோபர்ல நடக்கிற இல் லொம்பார்தியாவை எடுத்துக்குங்க. 2021, 2022, 2023, 2024, 2025. அஞ்சு வருஷமும் ஒரே ஆள். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த தடேய் போகச்சார்.

அதே விளையாட்டு, பெரும்பாலும் அதே டீம்கள், அதே ஒருநாள் ரேஸ். ஒண்ணு லாட்டரிச் சீட்டு மாதிரி இருக்கு, இன்னொண்ணு ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி இருக்கு. ஏன்? இதைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம்.

புதுசா கேட்கிறவங்களுக்கு ரெண்டு வரி. டூர் டி ஃபிரான்ஸ் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மூணு வாரம், 21 ஸ்டேஜ். கிளாசிக்ஸ்னா ஒரே நாள்ல முடியற ரேஸ். அதுல அஞ்சு பெரிய ரேஸை மானுமென்ட்னு சொல்லுவாங்க: சான் ரெமோ, டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ், பாரி-ரூபே, லியேஜ்-பஸ்தோன்-லியேஜ், லொம்பார்தியா. இதுல ஒண்ணை ஒரே ஒரு தடவை ஜெயிச்சாலும் போதும், வாழ்க்கை முழுக்க உங்க பேருக்கு முன்னாடி அது ஒட்டிக்கும்.

மூணு வாரம் ஓடுற ரேஸ்ல ஒரு நாள் பஞ்சர் ஆனா மறுநாள் ஈடு கட்டலாம். 21 நாள் சேர்த்துப் பார்க்கும்போது அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் ரெண்டும் பெரும்பாலும் அடிபட்டுப் போய், பலசாலி மேல வந்துடுவார். ஒருநாள் ரேஸ்ல அந்த வசதி இல்லை. காசை ஒரே ஒரு தடவைதான் சுண்டறீங்க.

இதுக்கு ஒரு மாடல் எழுதலாம்னு உக்காந்தா முதல்ல இடிக்கிறது டேட்டா. வருஷத்துக்கு அஞ்சு மானுமென்ட். 2016-ல இருந்து 2025 வரைக்கும் பத்து வருஷம் எடுத்தா 50 ரேஸ் வரணும். கொரோனாவால 2020-ல ரூபே நடக்கலை. ஆக 49. "49 வரி டேட்டா வெச்சு மெஷின் லேர்னிங் பண்ணியிருக்கேன்"னு எங்க ஆபீஸ்ல போய்ச் சொன்னா டீ பிரேக்ல என்னை வெச்சு சிரிப்பாங்க. ஒரு ரேஸுக்கு 25 டீம், டீமுக்கு 7 பேர், மொத்தம் 175 பேர் கிளம்பறாங்க. எதுவுமே தெரியாம குருட்டாம்போக்குல ஒருத்தரைக் கைகாட்டினா அவர் ஜெயிக்க வாய்ப்பு 0.57 சதவீதம். அங்கிருந்துதான் நாம மேல ஏறணும்.

அப்ப எதை அளக்கறது? முதல்ல எல்லாரும் சொல்றது பவர். சைக்கிள்ல பவர் மீட்டர்னு ஒரு கருவி மாட்டியிருப்பாங்க. ஒவ்வொரு நொடியும் எத்தனை வாட் மிதிக்கிறார்னு அது சொல்லும். ஏத்தமான ரேஸ்னா வாட்டை உடம்பு எடையால வகுக்கணும், அங்க ஒல்லியா இருக்கிறவங்களுக்கு லாபம். சமதளத்துல, அதுவும் பாரி-ரூபே மாதிரி கருங்கல் பதிச்ச ரோட்டுல, எடை அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. காத்தைக் கிழிக்க மொத்த வாட்தான் தேவை. வேகம் கூடக்கூட காத்தை எதிர்க்கத் தேவைப்படற பவர், வேகத்தோட மூணாவது அடுக்குல ஏறும். ஈசிஆர்ல ஞாயித்துக்கிழமை காலையில கடல் காத்துக்கு எதிரா மிதிச்சவங்களுக்கு இந்த ஃபார்முலாவைச் சொல்லித் தரவே வேண்டாம், தொடை சொல்லிக் கொடுத்திருக்கும்.

ஆனா ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது வர்ற நம்பரை நம்பக் கூடாது. இதுதான் கிளாசிக்ஸ்ல முக்கியம், கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். ஒருத்தர் சராசரியா 250 வாட்ல 6 மணி நேரம் ஓட்டறார்னு வெச்சுக்குவோம். ஒரு வாட்னா நொடிக்கு ஒரு ஜூல். ஒரு மணி நேரத்துக்கு 250 பெருக்கல் 3,600, அதாவது 900 கிலோஜூல். ஆறு மணி நேரத்துக்கு 5,400 கிலோஜூல். ரேஸோட முடிவு தீர்மானமாகிறது இந்த 5,400-ஐச் செலவழிச்ச பிறகு வர்ற அந்த அஞ்சு நிமிஷத்துல. காலையில ஆய்வகத்துல டெஸ்ட் பண்ணா ரெண்டு பேரும் ஒரே நம்பர் காட்டலாம். அஞ்சு மணி நேரம் கழிச்சு அதே டெஸ்ட்டை வெச்சா ஒருத்தர் கொஞ்சம்தான் குறைஞ்சிருப்பார், இன்னொருத்தர் காலியாகிக் கிடப்பார். விளையாட்டு விஞ்ஞானத்துல இதுக்கு டியூரபிலிட்டின்னு பேரு. நம்ம பாஷையில, தாக்குப்பிடிக்கிறது.

இப்ப சான் ரெமோவுக்கும் லொம்பார்தியாவுக்கும் உள்ள வித்தியாசம் புரிய ஆரம்பிக்கும். லொம்பார்தியா முழுக்க மலை. நீளமான ஏத்தங்கள்ல வேகம் குறையும். வேகம் குறைஞ்சா, முன்னாடி போறவர் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு காத்துல இருந்து தப்பிக்கிற லாபமும் குறையும். அங்க பலம் நேரடியா முடிவா மாறுது. சான் ரெமோவுல கடைசி ஏத்தம் போஜியோ, 3.7 கிலோமீட்டர், சராசரி சரிவு 4 சதவீதத்துக்கும் கீழ. அந்தச் சரிவுல வேகம் அதிகம், ஒளிஞ்சுக்கிறவருக்கு நல்ல லாபம். உச்சியில இருந்து ஃபினிஷுக்கு சுமார் 5.5 கிலோமீட்டர், அதுவும் வளைஞ்சு வளைஞ்சு இறங்கற ரோடு. ஏறத் தெரிஞ்சவர் ஜெயிக்கலாம், இறங்கத் தெரிஞ்சவர் ஜெயிக்கலாம், ஸ்பிரிண்ட் அடிக்கிறவரும் ஜெயிக்கலாம். 2022-ல மாத்தேய் மொஹோரிச், மலை சைக்கிள்ல வர்ற மாதிரி சீட்டைக் கீழ இறக்குற டிராப்பர் போஸ்ட்டை மாட்டிக்கிட்டு வந்து, அந்த இறக்கத்துலயே எல்லாரையும் விட்டுட்டுப் போயிட்டார். எந்தப் பவர் டேட்டாவுல இது இருக்கும் சொல்லுங்க?

ஆக, எந்த ரேஸ்னு பார்க்காம "யார் நல்ல ரைடர்"னு கேட்டா அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. பாதைதான் பாதிப் பதில்.

அடுத்தது அனுபவம். டிவி கமென்டேட்டர்கள் பாரி-ரூபே வந்தாலே "இங்க அனுபவம்தான் எல்லாம்"னு ஆரம்பிச்சுடுவாங்க. சரியா? 2016-ஐப் பாருங்க. ஆஸ்திரேலியாக்காரர் மாத்யூ ஹேமன், வயசு 37. தொழில் வாழ்க்கை பூராவும் பெரும்பாலும் மத்தவங்களுக்காக உழைச்சவர். ரேஸுக்கு ஆறு வாரம் முன்னாடி பெல்ஜியத்துல விழுந்து கை உடைஞ்சுது. வீட்டு கராஜ்ல டிரெய்னர்ல சைக்கிளை மாட்டி, கட்டுப்போட்ட கையோட ஸ்விஃப்ட்ல ஓட்டித் தயாரானார். ரூபேல ஆரம்பத்துல பிரிஞ்சு போன குழுவுல போனார், பெரிய ஆட்கள் பின்னால இருந்து வந்து பிடிச்ச பிறகும் விடாம ஒட்டிக்கிட்டார். கடைசியில வெலோட்ரோம்ல, அஞ்சாவது தடவை ஜெயிச்சு சாதனை படைக்க வந்த டாம் போனனையே தாண்டிட்டார். ஹேமனுக்கு அது 15-வது பாரி-ரூபே. அனுபவம்தான் எல்லாம்னு எழுதி வெச்சுக்கலாம்.

அடுத்து 2021-க்கு வாங்க. அக்டோபர்ல நடந்துது, மழை, சேறு, முகமே தெரியலை. முதல் மூணு இடம் சோனி கொல்பிரெல்லி, ஃப்ளோரியன் வெர்மீர்ஷ், வான் டெர் பூல். மூணு பேருக்கும் அது முதல் பாரி-ரூபே. ஒரு நாள்கூட அனுபவம் இல்லை!

கமென்டேட்டர் இந்த ரெண்டையும் ரெண்டு கதையாச் சொல்லுவார். எனக்கு ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது: 49 வரி டேட்டாவுல இருந்து "அனுபவத்துக்கு இத்தனை மார்க்"னு போட முடியாது. 2021-ல இன்னொரு சிக்கலும் இருக்கு. முந்தின வருஷம் ரேஸே நடக்கலை, 2021-ம் ஏப்ரல்ல இருந்து தள்ளிப் போச்சு. அனுபவசாலிகளும் ரெண்டரை வருஷமா அந்தக் கல்லை ரேஸ்ல மிதிக்கலை. அந்த அனுபவத்தை நீங்க எப்படி எண்ணுவீங்க?

சரி, அப்ப எதுதான் உருப்படியா கணிக்கக்கூடியது? என் பதில் இதுதான். ஜெயிச்சாரான்னு பார்க்காதீங்க. கடைசி 20 கிலோமீட்டர்ல முன் குழுவுல இருந்தாரான்னு பாருங்க. ஜெயிக்கிறது ஒரே ஒருத்தர், ரேஸுக்கு ஒரே ஒரு டேட்டா பாயின்ட். முன் குழுவுல அஞ்சு பேர், பத்து பேர் இருப்பாங்க, டேட்டா உடனே பெருகிடும். அதைவிட முக்கியம், அங்க வந்து சேர்றது பெரும்பாலும் திறமை. ஃபிளாண்டர்ஸ்ல பாட்டர்பெர்க்னு ஒரு ஏத்தம், 360 மீட்டர்தான், ஆனா சில இடத்துல 20 சதவீதச் சரிவு. கோப்பன்பெர்க் இன்னும் மோசம். குறுகலான கல் ரோடு, முன்னாடி ஒருத்தர் கால் ஊனினா பின்னால வர்ற அம்பது பேரும் இறங்கித் தள்ளிக்கிட்டு நடக்கணும். தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவுக்குள்ள நுழையற மாதிரி. உள்ள போகும்போதே முன்னாடி இருந்தாத்தான் உண்டு. ஒருத்தர் வருஷா வருஷம் அங்க முன்னாடி இருக்கார்னா, அது தற்செயலா நடக்கிறது இல்லை.

பெல்ஜியத்துக்காரர் கிரெக் வான் அவர்மாட் இதுக்கு நல்ல உதாரணம். 2014-ல ஃபிளாண்டர்ஸ்ல ரெண்டாவது. 2015-ல ஃபிளாண்டர்ஸ், ரூபே ரெண்டுலயும் மூணாவது. "எப்பப் பார்த்தாலும் ரெண்டாவது, மூணாவது"ன்னு கிண்டல் பண்ணாங்க. முன் குழுவை எண்ணுற ஆளுக்கு அந்த லிஸ்ட் வேற மாதிரி தெரியும்: இவர் எப்பவும் அங்க இருக்கார், ஒரு நாள் விழும். 2016-ல ரியோ ஒலிம்பிக் தங்கம். 2017-ல ஓம்லூப், ஈ3, கென்ட்-வெவெல்கெம், கடைசியா பாரி-ரூபே. ஆள் ஒண்ணும் திடீர்னு மாறிடலை.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒருத்தர் வருஷத்துக்கு ரெண்டு மானுமென்ட்ல கடைசி அஞ்சு பேர்ல ஒருத்தரா வர்றார். அஞ்சு வருஷம், பத்து வாய்ப்பு. அஞ்சு பேரும் சமம்னா ஒவ்வொரு தடவையும் 20 சதவீதம். பத்துல ஒண்ணாவது ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? 1-ல இருந்து 0.8-ஓட பத்தாவது அடுக்கைக் கழிக்கணும். 89 சதவீதம் வரும். கிட்டத்தட்ட உறுதி.

இப்ப அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் போகச்சார், இன்னொருத்தர் வான் டெர் பூல்னு வெச்சுக்குங்க. அவங்க ரெண்டு பேரும் வாய்ப்புல பெரும்பகுதியைத் தின்னுடுவாங்க. நம்ம ஆளுக்கு மிஞ்சறது 5 சதவீதம்னு வைங்க. அதே பத்து வாய்ப்பு. இப்ப 40 சதவீதம்தான். கால் அதே கால், பயிற்சி அதே பயிற்சி. பொறந்த வருஷம் மட்டும் வேற.

இது கற்பனை இல்லை. 2023-ல இருந்து 2025 வரைக்கும் 15 மானுமென்ட் நடந்துது. போகச்சார் 7, வான் டெர் பூல் 6. மிச்சம் ரெண்டு. ஒண்ணு எவனெபூல், ஒண்ணு ஃபிலிப்சன். அதுக்கு முன்னாடி 2021-ல ஸ்டாய்வன், அஸ்கிரீன், கொல்பிரெல்லி எல்லாரும் முதல் மானுமென்ட்டை எடுத்தாங்க. வவுட் வான் ஆர்ட்டைப் பாருங்க. 2020-ல சான் ரெமோ ஜெயிச்சார், அதே வருஷம் ஃபிளாண்டர்ஸ்ல ஒரு சக்கர வித்தியாசத்துல தோத்தார். 2022-ல ரூபேல ரெண்டாவது. 2023-ல ரூபேல கார்ஃபூர் டி லார்ப்ர கல் ரோட்டுல பஞ்சர், மூணாவது. 2025-ல ஃபிளாண்டர்ஸ், ரூபே ரெண்டுலயும் நாலாவது. 2025 முடியறப்ப அவர் கணக்குல மானுமென்ட் ஒண்ணுதான். அவரைத் தோல்வியாளர்னு எழுதறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். அவரோட காலத்தையும் சேர்த்து எழுதணும், இல்லையா?

நடுவுல ஒண்ணு. ரொம்ப பலசாலியா இருக்கிறதே சில சமயம் இடைஞ்சல். 2021 சான் ரெமோவுல, போஜியோ இறங்கின பிறகு பெரிய ஆட்கள் எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டிருந்தாங்க. "நான் துரத்தினா என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு வந்து நீ ஜெயிப்பே, நீ துரத்து." இந்த இழுபறியில யாஸ்பர் ஸ்டாய்வன் கிளம்பிப் போய் ஜெயிச்சுட்டார். நாலு பேர் ஹோட்டலுக்குப் போய் பில் வரும்போது யார் முதல்ல பர்ஸை எடுக்கறதுன்னு பார்க்கற நிலைமைதான் அது. பின்னால ஒளியறதுக்கு லாபம் இருக்கிறவரைக்கும் இந்தக் கணக்கு ஓடும். போகச்சார் இதை எப்படி உடைச்சார்னா, எல்லாரும் நினைக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே, ஒளிய இடமே இல்லாத ஏத்தத்துல கிளம்பிடறார். யார் துரத்தறதுன்னு பேரம் பேச அங்க யாரும் மிச்சம் இருக்கறதில்லை.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் ஸ்டார்ட் லைன்ல நிக்கிறவங்களைப் பத்தி. நான் இந்த எபிசோடை எடுக்க நினைச்சதே அங்க வராதவங்களுக்காகத்தான்.

ரெம்கோ எவனெபூல் 2000 ஜனவரியில பொறந்தவர், பெல்ஜியம். சின்ன வயசுல ஃபுட்பால் ஆடிக்கிட்டிருந்தவர், 2017-ல சைக்கிளுக்கு மாறினார். 2018-ல ஜூனியர் உலக சாம்பியன், 2019-ல நேரா பெரிய டீம், அதே வருஷம் 19 வயசுல கிளாசிகா சான் செபாஸ்டியன் ஜெயிச்சார். அதுக்கு அப்புறம் டீம்கள் எல்லாம் 17, 18 வயசுப் பசங்களைத் தேடி ஓட ஆரம்பிச்சாங்க. பவர் ஃபைல், ஜூனியர் ரிசல்ட், மாடல் ஒரு ஸ்கோர் கொடுக்கும், அதை வெச்சு ஒப்பந்தம். கேம்பஸ் பிளேஸ்மென்ட்ல 60 சதவீதம் கட்-ஆஃப்னு ஒரு வரியைப் போட்டு, 59.4 எடுத்தவனை ஹாலுக்குள்ளயே விடாம அனுப்புவாங்களே, அதைப் பார்த்தவங்களுக்கு இது எங்க போய் முடியும்னு தெரியும்.

இப்ப இன்னொருத்தர். பினியம் கிர்மாய். அவரும் 2000-ல பொறந்தவர்தான், எரித்ரியாவோட தலைநகர் அஸ்மாராவுல. எரித்ரியாவுல சைக்கிள் ரேஸுக்கு இருக்கிற மவுசு நம்ம ஊர்ல கிரிக்கெட்டுக்கு இருக்கிற மாதிரி. ஆனா ஐரோப்பாவுல ரேஸ் ஓட விசா வேணும், தங்க இடம் வேணும், கூப்பிட ஒரு டீம் வேணும். சர்வதேச சைக்கிளிங் சங்கம் சுவிட்சர்லாந்தின் ஏக்ல்ல நடத்துற பயிற்சி மையம் வழியா அவர் உள்ள வந்தார். 2018-ல பெல்ஜியத்துல ஒரு ஜூனியர் ரேஸ் ஸ்டேஜ்ல எவனெபூலையே முந்தியிருக்கார். எவனெபூல் அடுத்த வருஷமே உச்சத்துல இருந்தார். கிர்மாய் ஒரு சின்ன பிரெஞ்சு டீம்ல ஆரம்பிச்சு, 2021 ஆகஸ்ட்லதான் மேல வந்தார். அதே செப்டம்பர்ல பெல்ஜியத்தின் லூவன்ல நடந்த 23 வயசுக்குட்பட்டோர் உலகப் போட்டியில வெள்ளி.

2022 மார்ச். வெள்ளிக்கிழமை ஈ3 ரேஸ், அதுல அஞ்சாவது. அதோட குடும்பத்தைப் பார்க்க ஊருக்குக் கிளம்பறதாத்தான் முதல் திட்டம். நல்லா ஓட்டினதால ஞாயித்துக்கிழமை கென்ட்-வெவெல்கெமும் ஓட்டிட்டுப் போலாம்னு கடைசி நேரத்துல மாத்தினாங்க. கடைசியில நாலு பேர் முன்னாடி: லாப்போர்ட், ஸ்டாய்வன், வான் கெஸ்டல், கிர்மாய். நீளமான ஸ்பிரிண்ட் அடிச்சு கிர்மாய் ஜெயிச்சார். அந்த மாதிரி பெரிய கிளாசிக்கை ஜெயிச்ச முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். ஜெயிச்சுட்டு, பேசினபடியே ஊருக்குப் போயிட்டார், அடுத்த வாரம் ஃபிளாண்டர்ஸ் ஓட்டலை. (அந்த மே மாசம் ஜிரோவுல ஒரு ஸ்டேஜ் ஜெயிச்சுட்டு, மேடையில பாட்டிலைத் திறக்கும்போது கார்க் கண்ணுல அடிச்சு ரேஸை விட்டே வெளிய வந்தார். இதையெல்லாம் எந்த மாடல்ல போடறது!) 2024-ல டூர் டி ஃபிரான்ஸ்ல மூணு ஸ்டேஜும் பச்சை ஜெர்ஸியும்.

ஒரு மாடலா யோசிச்சுப் பாருங்க. 2022 மார்ச் வரைக்கும் "ஆப்பிரிக்க ரைடர், கல் ரோடு கிளாசிக்" அப்படிங்கிற கட்டத்துல வெற்றி எண்ணிக்கை பூஜ்யம். மாடல் பூஜ்யத்தைப் படிக்கும், பூஜ்யத்தையே திருப்பிச் சொல்லும். ஆனா அந்தக் கட்டம் காலியா இருந்ததுக்கு, ஓட்டித் தோத்தது காரணம் இல்லை. கிட்டத்தட்ட யாரையும் ஓட்டவே விடலை. தோத்ததையும் வாய்ப்பே கிடைக்காததையும் டேட்டாபேஸ் ஒரே மாதிரி வெத்துக் கட்டமாத்தான் காட்டும். வித்தியாசம் தெரியணும்னா அந்தக் கட்டம் ஏன் வெத்தா இருக்குன்னு யாராவது மனுஷங்க கேட்கணும். கிர்மாய் விஷயத்துல, வெள்ளிக்கிழமை ராத்திரி யாரோ ஒருத்தர் "ஞாயித்துக்கிழமையும் ஓட்டிட்டுப் போ"ன்னு சொன்னதாலதான் நமக்கு அந்த ஒரு வரி டேட்டா கிடைச்சுது. அந்தப் பேச்சே நடக்காத எத்தனை பேர் ஊருக்குத் திரும்பிப் போயிருப்பாங்கன்னு எந்த அட்டவணையிலயும் இருக்காது.

பெண்கள் ரேஸ்லயும் இதே கதை. ஆண்கள் பாரி-ரூபே 1896-ல ஆரம்பிச்சது, பெண்களுக்கு 2021-லதான். முதல் ரேஸ்லயே லிஸி டீக்னன் 80 கிலோமீட்டருக்கு மேல தனியா ஓட்டி ஜெயிச்சார். முதல் அஞ்சு ரேஸ், அஞ்சு பேர் ஜெயிச்சிருக்காங்க. 125 வருஷம் தாமதமா வந்த ஒரு ரேஸைப் பார்த்து "பெண்கள் ரேஸைக் கணிக்கவே முடியலை"ன்னு அலுத்துக்கறது கொஞ்சம் ஓவர்.

எதிர்ப் பக்கமும் இருக்கு. எல்லா டேட்டாவும் ஆமாம்னு சொல்லியும் நடக்காதது. அமெரிக்கர் டெய்லர் ஃபின்னி, 23 வயசுக்குட்பட்டோர் பாரி-ரூபேவை 2009, 2010 ரெண்டு வருஷமும் ஜெயிச்சார். இவர்தான் அடுத்த ரூபே ராஜான்னு எல்லாரும் சொன்னாங்க, எந்த மாடலும் அதையேதான் சொல்லியிருக்கும். 2014 மே மாசம் அமெரிக்க தேசியப் போட்டியில ஒரு இறக்கத்துல விழுந்து கால் நொறுங்கிப் போச்சு. திரும்பி வந்து 2018 ரூபேல எட்டாவது வந்தார், அந்தக் காலை வெச்சு அது எவ்வளவு பெரிய விஷயம்! 2019-ல ஓய்வு. ஸ்கவுட்டிங் தப்புன்னு இதைச் சொல்ல மாட்டேன். அது சரியான கணிப்பு, நடக்கலை, அவ்வளவுதான்.

கடைசியா ஒரு விஷயம், கணிப்புக்கு மார்க் போடறது. ஒருத்தருக்கு 40 சதவீத வாய்ப்புன்னு சொன்னா, அந்த மாதிரி பத்து தடவை சொன்னதுல ஆறு தடவை அவர் தோத்தாத்தான் நீங்க சரி. ஒரு ரேஸ் முடிஞ்சதும் "பார்த்தியா, நீ சொன்ன ஆள் தோத்துட்டான்"னு வாட்ஸ்அப்ல வர்றவனுக்குப் பதில் சொல்லவே வேண்டாம். ப்ரையர் ஸ்கோர்னு ஒரு முறை இருக்கு. சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தோட வர்க்கம். 40 சொல்லித் தோத்தா 0.16. "90 சதவீதம், அடிச்சுச் சொல்றேன்"ன்னு சொல்லித் தோத்தா 0.81. ஸ்கோர் குறைவா இருந்தா நல்லது. எங்க நண்பர்கள் குழுவுல இந்த ஸ்கோரைத்தான் ஷீட்ல போடறோம். அடிச்சுச் சொல்றவங்க சத்தம் தானாவே குறைஞ்சுடுச்சு.

சரி, என் நம்பரையும் வெச்சுட்டுப் போறேன், பின்னாடி நீங்க மார்க் போடலாம். 2025 சீசன் முடிஞ்ச நிலையில சொல்றது. டென்மார்க்கின் மாட்ஸ் பெடர்சன், 22 வயசுல ஃபிளாண்டர்ஸ்ல ரெண்டாவது வந்தவர், 2019 உலக சாம்பியன், கென்ட்-வெவெல்கெம் மூணு தடவை, 2025-ல ஃபிளாண்டர்ஸ் ரெண்டாவது, ரூபே மூணாவது, இன்னும் ஒரு மானுமென்ட்கூட இல்லை. 2028 முடியறதுக்குள்ள ஒண்ணாவது ஜெயிப்பார்: 45 சதவீதம். வான் ஆர்ட் அதே காலத்துக்குள்ள ரெண்டாவது மானுமென்ட்: 40. போகச்சார் அதுக்குள்ள சான் ரெமோ, ரூபே ரெண்டையும் ஜெயிச்சு அஞ்சையும் முடிப்பார்: 35. இதுவரைக்கும் ஒரு மானுமென்ட்லகூட கிளம்பாத ஒருத்தர் 2028-க்குள்ள ஒண்ணு ஜெயிப்பார்: 50.

அந்தக் கடைசி நம்பர்ல உங்களுக்கு எங்க உடன்பாடு இல்லைன்னு எழுதுங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன். சான் ரெமோ ஃபினிஷ் நம்ம நேரப்படி ராத்திரி 9 மணிக்கு மேலதான் வரும். சாப்பாட்டை முன்னாடியே முடிச்சுடுங்க, போஜியோ ஆரம்பிச்சா எழுந்திரிக்க முடியாது.